ஒளிப்படப் பகிர்வும் சுட்டாமை நெறியும்

1. நுவல்பொருள்

கலைப்பொருள் ஒன்றைத் திறனாயப் புகுவார் முதற்கண் எழுப்பும் வினாக்கள் மூன்று. ஆக்கியவர் யார்? ஆக்கப்பட்ட பொருள் யாது? அதனைக் கொள்வார் யார்? செய்யுள், ஓவியம், சிற்பம், கூத்து ஆகிய அனைத்திற்கும் இம்மூன்றும் பொதுவாம். ஒளிப்படத்திற்கோ நான்காவது வினா ஒன்றும் உண்டு. படத்தில் இருப்பவர் யார்?

ஓவியர் தம் உள்ளத்திற் கண்ட முகத்தைத் தீட்டலாம். புலவர் உலகில் யாண்டும் பிறவாத தலைவியைப் படைக்கலாம். ஒளிப்படம் எடுப்பார்க்கு அது கூடாது. உயிருள்ள ஒருவர் கருவியின்முன் நின்றாலன்றி முகம் படத்தில் விழாது. (கணிப்பொறி தானே புனைந்து தரும் படங்கள் வேறு இனத்தன, அவை ஈண்டு ஆராயப்பெறவில்லை.) எனவே ஒளிப்படம் ஒவ்வொன்றிலும் எடுத்தார் ஒருவர், எடுக்கப்பட்டார் ஒருவர் என இருவர் உளர். இணையம் வந்தபின் இவ்விருவரோடு மூன்றாமவராகக் கடத்துநர் சேர்ந்தார். படத்தை ஏற்று, வைத்து, உலகெங்கும் காட்டும் நிறுவனத்தையே கடத்துநர் என்கிறோம்.

இணைய ஒளிப்படப் பகிர்வு பற்றிய உரிமங்களும் ஒப்பந்தங்களும் எடுத்தாரை நினைந்த அளவு எடுக்கப்பட்டாரை நினைந்தில. இக்குறையைப் பதிப்புரிமையை இறுக்கியோ தளர்த்தியோ தீர்த்தல் ஒல்லாது. ஆக்கியவர்க்கு ஒரு நெறி, பொருளாக அமைந்தவர்க்கு வேறொரு நெறி எனப் பிரித்துக் காணும் திறம் வேண்டும். அத்திறம் நம் அகத்திணை மரபில் உண்டு. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பகிர்தல் என்னும் சொல்

முதற்கண் சொல்லை ஆராய்வோம். பகிர்தல் என்பது பகுத்தல் என்னும் பொருளது. ஒரு மாங்கனியை இருவர் பகிர்ந்தால் ஒவ்வொருவர்க்கும் பாதியே கிட்டும். கொடுத்தவர் பங்கு குறையும். அக்குறைவே கொடையின் அளவாகும். இணைய வழக்கிற் பகிர்தல் எனப்படும் செயலிலோ கொடுத்தவர் கையிற் பொருள் குறைவதில்லை. படம் அவரிடமும் உளது. பெற்ற ஆயிரவரிடமும் உளது. ஆகலின் ஈண்டு இழப்பே இல்லை என்று தோன்றும்.

அத்தோற்றம் மயக்கமே. பொருள் குறையாவிடினும் அதன்மேற் செல்லும் ஆட்சி குறைகிறது. வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தை யார் காண்பர் என்பதை வீட்டார் அறிவர். இணையத்தில் ஏற்றிய படத்தை யார் கண்டார், யார் படியெடுத்தார், எதற்குப் பயன்படுத்தினார் என்பதை ஏற்றியவர் அறியார். மற்றொரு வேறுபாடு இதனினும் பெரிது. கனியைப் பகிர்ந்தவர் தம் கனியைப் பகிர்ந்தார். படத்தைப் பகிர்பவர் தம் உழைப்பை மட்டும் பகிர்வதில்லை. பிறர் ஒருவரின் முகத்தையும் சேர்த்தே பகிர்கிறார். ஆட்சி இழந்தவர் அம்முகத்திற்கு உரியவர். அவர் கொடுத்தாரும் அல்லர், கொண்டாரும் அல்லர்.

இப்புதிய பொருளில் இச்சொல் வேரூன்றுதற்கு ஃபிளிக்கர் என்னும் தளம் பெருந்துணை செய்தது. கனடா நாட்டு வான்கூவரில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 2005இல் யாஹூ நிறுவனத்தின் கைக்கும் 2018இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கும் அது மாறியது. ஏற்றிய படம் எல்லாரும் காண நிற்றல் அத்தளத்தின் இயல்பு நிலை. மறைத்து வைத்தலே தனியே செய்யவேண்டிய செயல். பழைய குடும்பப் படத்தொகுப்பு இதற்கு நேர்மாறானது. ஆங்கு மறைவே இயல்பு; காட்டலே தனிச் செயல். இயல்பு எது, தனிச்செயல் எது என்பது இடம் மாறியமையே இம்மாற்றத்தின் உயிர்நிலை எனலாம்.

3. ஒப்பந்தத்தின் இலக்கணம்

இனி, கடத்துநர் எழுதும் ஒப்பந்தங்களை ஒரு நூலைப் போற் படித்துக் காண்போம். அவற்றைப் பயன்படுத்துவோர் பலர் படியாமலே ஒப்புக்கொள்கின்றனர். திறனாய்வாளர் அங்ஙனம் விடுதல் தகாது.

இன்ஸ்டாகிராம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் உள்ளடக்கத்தின் உடைமை பயன்படுத்துவோர்க்கே உரியது என்று முதலிற் கூறப்படும். அதனை அடுத்து அவர் நிறுவனத்திற்கு அளிக்கும் உரிமம் கூறப்படும். அவ்வுரிமத்திற்கு அடைமொழிகள் ஐந்து. அது நிறுவனத்திற்கு மட்டுமே எனத் தனித்திராதது, கட்டணம் அற்றது, மாற்றித் தரத்தக்கது, அதன்கீழ் வேறு உரிமம் வழங்கத்தக்கது, உலகு முழுதும் செல்லத்தக்கது. உடைமை என்னும் பெயர் முன்வாக்கியத்தில் நிற்க, உடைமையின் பயன்கள் பலவும் பின்வாக்கியத்து அடைமொழிகளிற் கரைந்து செல்கின்றன. பெயரைக் கொடுத்து அடையால் வாங்கும் இந்நடை கருதத்தக்கது.

2012ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் அந்நிறுவனம் திருத்திய ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டது. பயன்படுத்துவோரின் பெயர், உருவம், படங்கள் ஆகியவற்றை அவர்க்கு ஈடு ஏதும் தராமல் விளம்பரத்தொடு காட்டுதற்குப் பிற நிறுவனங்கள் பணம் தரலாம் என்னும் பொருள்பட ஒரு பகுதி அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. திசம்பர் 20ஆம் நாள் விளம்பரம் பற்றிய பகுதியில் பழைய வாசகத்திற்கே மீள்வதாக நிறுவனம் அறிவித்தது. மூன்றே நாளில் ஒரு பெருநிறுவனத்தைப் பின்வாங்கச் செய்தது படிப்பின் ஆற்றல் என்பதை மறத்தல் ஆகாது. ஆயினும் அன்று எதிர்த்தவர் பெரிதும் படம் எடுத்தவரே. தம் படம் விற்கப்படுமோ என்று அவர் அஞ்சினர். அப்படங்களில் இருந்தவர் பொருட்டு எழுந்த குரல் மிகச் சிறிது.

இதற்குக் காரணம் ஒப்பந்தத்தின் இலக்கணத்திலேயே உளது. அதில் தன்மை இடம் உண்டு; அது நிறுவனம். முன்னிலை உண்டு, அது படம் ஏற்றுபவர். படர்க்கைக்கோ உரிய இடம் இல்லை. படர்க்கையார் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் ஒன்றே. ‘யான் ஏற்றும் படம் பிறர் உரிமையைக் கெடுக்காது’ என முன்னிலையார் உறுதி கூறுமிடமே அது. அங்கும் படர்க்கையார் கேட்கப்படுபவர் அல்லர். அவர்பொருட்டுப் பிறர் பேசுகிறார். ஒளிப்படத்தின் நடுவே நிற்பவர் ஒப்பந்தத்தின் புறத்தே நிறுத்தப்பட்டுள்ளார் என்பது தெளிவு.

4. எடுத்தார் உரிமை

எடுத்தார்க்கு உரிமை எளிதிற் கிட்டியது என்று கொள்ளற்க. கருவி தானே பதிவதில் கலை யாது, ஆக்கியவர் யாவர் என்னும் ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுவாக இருந்தது. நெப்போலியன் சரோனி என்பார் நியூயார்க்கில் 1882ஆம் ஆண்டு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் படம் எடுத்தார். அச்சு நிறுவனம் ஒன்று அப்படத்தை 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று 1884இல் முடிந்தது. இருக்கை, உடை, திரை, ஒளி, நிழல், முகக்குறிப்பு ஆகியவற்றைத் தம் கருத்துக்கேற்ப அமைத்தவர் சரோனியே; ஆதலின் அவரே ஆக்கியவர் என்று நீதிமன்றம் துணிந்தது.

இத்தீர்ப்பு ஒளிப்படத்தைக் கலையாக ஏற்றது, அதனாற் போற்றத்தக்கது. ஆயினும் அதன் வாதத்தில் வைல்டின் இடம் யாது? அவர்தம் முகக்குறிப்பும் சரோனியின் ஆக்கமாகக் கொள்ளப்பட்டது. திரையும் விளக்கும் போல அவரும் அமைக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றாயினார். எடுத்தாரை உயர்த்திய வாதமே எடுக்கப்பட்டாரைக் கருப்பொருளாக்கிற்று.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் (1957) ஒளிப்படத்தின் ஆக்கியவர் அதனை எடுத்தவரே என்கிறது. ஒருவர் வேண்டுகோளின்பேரில் பொருள் பெற்றுக்கொண்டு எடுத்த படமாயின், மாறான உடன்படிக்கை இல்லாவிடத்து, வேண்டியவரே முதல் உரிமையாளர். திருமணப்படம் எடுப்பிக்கும் குடும்பத்தார் இவ்விதியாற் பயன் பெறுவர். ஆனால் அவ்வுரிமை அவர்க்கு வந்தது முகத்தால் அன்று, பணத்தால் என்க. பணம் தந்தவர் படத்தில் இல்லாதவராயினும் உரிமை அவரதே. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் ஒளிப்படத்தின் பதிப்புரிமைக் காலம் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. திருத்தத்தின்பின் அது நூலாசிரியர்க்கு உள்ளதுபோல வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் ஆயிற்று. எடுத்தார் உரிமை இங்ஙனம் வளர்ந்து முதிர்ந்தது.

அதனைத் தாமே தளர்த்திக் கொடுக்க விழைவார்க்காகக் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் முதல் உரிமங்களை 2002ஆம் ஆண்டு திசம்பரில் வெளியிட்டது. ஃபிளிக்கர் தளம் 2004ஆம் ஆண்டிலேயே அவற்றை ஏற்றது. ஆக்கியவர் பெயரைச் சுட்டுக, வணிகத்திற்குப் பயன்படுத்தற்க, மாற்றற்க, மாற்றின் இதே உரிமத்திற் கொடுக்க என்னும் கூறுகள் பலவாறு இணைந்து ஆறு உரிமங்களாயின. அறிவைப் பூட்டி வையாமல் பரப்புதற்கு இவை செய்த நன்மை பெரிது. தமிழ் விக்கிப்பீடியாவிற் காணும் படங்களுட் பலவும் இத்தகைய உரிமங்களால் வந்தவையே. ஆயினும் ஆறும் எடுத்தார் உரிமையையே பேசுவன என்பது ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது.

5. எடுக்கப்பட்டார் நிலை

ஈஸ்ட்மனின் கோடக் கருவி 1888ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. எளிதிற் கைக்கொள்ளத்தக்க கருவி வந்தபின் படத்திற்கு ஒருவர் அமர்ந்து கொடுத்தல் வேண்டாதாயிற்று. அவர் அறியாமலே எடுத்தல் கூடிற்று. 1890ஆம் ஆண்டு திசம்பரில், வாரன், பிராண்டைசு என்னும் வழக்கறிஞர் இருவர் தனியுரிமை பற்றிய தம் கட்டுரையை ஹார்வர்டு சட்ட இதழில் எழுதினர். நொடியில் எடுக்கும் ஒளிப்படமும் செய்தித்தாளும் இல்வாழ்வின் எல்லைக்குட் புகுந்துவிட்டன என்பது அவர்தம் கவலை. தனியுரிமை என்னும் கருத்து சட்டத்தில் தோன்றுதற்கு ஒளிப்படமே ஒரு காரணமாயிற்று என்பது மறத்தற்கரியது.

1902ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு வழக்கு முடிவுற்றது. இளம்பெண் ஒருத்தியின் படத்தை அவள் இசைவின்றி மாவு விளம்பரத்தில் 25,000 படிகள் அச்சிட்டனர். அவள் வழக்கிட்டாள். நடுவர் நால்வர் எதிராகவும் மூவர் சார்பாகவும் நிற்க, அவ்வழக்குத் தோற்றது. மக்கள் சினம் மூண்டது. மறு ஆண்டே அம்மாநிலம் ஒருவர் பெயரையும் உருவையும் எழுத்துவழி இசைவின்றி வணிகத்திற்குப் பயன்படுத்தலைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து இவ்வரலாறே இணையத்தின்வழி மீண்டது. 2007ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுமி ஒருத்தியின் படம் ஃபிளிக்கரிலிருந்து எடுக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் நகைச்சுவை வாசகத்தொடு தோன்றிற்று. படம் எடுத்தவர் அதனை வணிகத்திற்கும் பயன்படுத்த இடந்தரும் உரிமத்தில் வெளியிட்டிருந்தார். ஆகவே நிறுவனம் எடுத்தார் உரிமையைத் தான் மீறவில்லை என்று கூறற்கு இடம் இருந்தது. சிறுமியின் இசைவோ எங்கும் கேட்கப்படவில்லை. குடும்பத்தார் டெக்சசில் தொடுத்த வழக்கு, அயல்நாட்டு நிறுவனத்தின்மேல் தனக்கு ஆட்சி எல்லை இல்லை என்று நீதிமன்றம் கூறியமையால் 2009இல் தள்ளுபடியாயிற்று.

இருவரும் இழந்தது ஒன்றே. ஆனால் இடையில் ஒரு வேறுபாடு நுழைந்துளது. 1902இல் படம் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் நின்றது. மறு ஆண்டே சட்டம் அதனைத் தொட்டது. 2007இல் படம் கண்டம் கடந்தது. சட்டம் கரையிலேயே நின்றது. உரிமமும் படத்தொடு கடல் கடந்தது, இசைவு கடக்கவில்லை. ஏனெனில் இசைவு என்றொன்று தொடக்கத்திலேயே இல்லை.

பின்னர்ப் போந்த கிரியேட்டிவ் காமன்ஸ் நான்காம் பதிப்பு (2013) தனியுரிமை, உருவுரிமை போன்ற ஆளுமை சார்ந்த உரிமைகள் இவ்வுரிமத்தால் வழங்கப்படுவன அல்ல என்று வெளிப்படையாகக் கூறுகிறது. இது நேர்மையான கூற்று. ஆனால் கூற்று நேர்மையாயிருத்தல் வேறு. படம் எடுத்துப் பயன்படுத்துவார் கண்ணில் அது படுதல் வேறு.

6. பாடியவரும் பாடப்பட்டவரும்

ஈண்டு அகத்திணை மரபை நோக்குவோம். ஒளிப்படத்தைப் பண்டையோர் அறிந்திருந்தனர் என்று கூறுதல் எம் கருத்தன்று. ஒருவர்தம் உள்வாழ்வு கலைக்குப் பொருளாகும்போது எழும் இடர்ப்பாட்டை அவர் எண்ணி நெறி வகுத்தனர் என்பதே எம் கருத்து.

தொல்காப்பியர் அகத்திணையியலில், மக்கள் நுதலிய அன்பின் ஐந்திணைக்கண் ஒருவரைப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்று விதித்தார். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயரே ஆங்கு வரும். இவ்விதியின் பயன் காதலைப் பொதுமையாக்குதல் என்று பலரும் விளக்குவர். அவ்விளக்கம் பொருந்துவதே. ஆயினும் மற்றொரு பயனும் உண்டு. சுட்டாமையால் ஒருவர் காக்கப்படுகிறார். களவும் ஊடலும் பிரிவும் பாட்டில் ஊரறியப் பேசப்பட்டாலும், ஊரார் விரல் நீட்டுதற்கு ஓர் ஆள் அங்கு இல்லை. அலர் என்பதன் துன்பத்தை அகப்பாடல்கள் எவ்வளவு விரித்துரைக்கின்றன என்பதை நோக்குவார்க்கு, பாட்டே அலராகாதவாறு காத்த இந்நெறியின் அருமை விளங்கும்.

இனி, பாடியவர் நிலை யாது? அவர் பெயரைத் தொகுத்தோர் போற்றிக் காத்தனர். பாட்டின் அடியில் புலவர் பெயர் குறிக்கப்பட்டது. இயற்பெயர் தெரியாதவிடத்து அவர் பாட்டின் சொற்றொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றாற்போல வழங்கினர். எனவே ஒரே பாட்டில் இரு நெறிகள் இயங்குகின்றன. ஆக்கியவர் பெயர் சுட்டப்படல் வேண்டும். பொருளானார் பெயர் சுட்டப்படாமை வேண்டும். முன்னது இன்றைய பதிப்புரிமையின் அறக்கூறு. பின்னது தனியுரிமையின் உயிர். இவ்விரண்டும் தம்முள் முரணுவன அல்ல, இடம் வேறுபடுவன.

சுட்டுதல் என்பது பெயர் கூறுதல் மட்டுமன்று என்பதற்கும் நம் உரைமரபில் சான்று உளது. நெடுநல்வாடையில் தலைவியின் பிரிவுத்துயர் பேசப்படுகிறது. தலைவன் பெயரோ யாண்டும் இல்லை. ஆயினும் பாசறையில் நிற்பார் கை வேலில் வேம்பு சூட்டப்பட்டுள்ளது. வேம்பு பாண்டியர்க்கு அடையாளப்பூ. அவ்வொரு குறிப்பால் தலைவன் இன்னான் என வெளிப்படுதலின் அப்பாட்டு அகமாகாது. புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். இம்முடிபை ஏலாதாரும் உளர். முடிபு எதுவாயினும் அவர் வைத்த அளவுகோல் நுண்ணியது. பெயர் வேண்டா, ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒரு குறி போதும். அகம் புறமாகிவிடும்.

7. முகமே வேம்பு

இவ்வளவுகோலை இன்றைய ஒளிப்படத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். எண்முறைக் கருவியால் எடுத்த படக்கோப்பினுள் எடுத்த நாளும் நேரமும் கருவியின் வகையும் பதிகின்றன. கைப்பேசியில் அமைப்பு இடங்கொடுப்பின் நின்ற இடத்தின் நிலக்கோடும் குறுக்கைக் கோடும் பதியும். பெயர் சொல்லாத படமும் இடத்தைச் சொல்லிவிடும். ஏற்றும்போது இவற்றை நீக்கும் தளங்கள் உள, நீக்காதனவும் உள.

முகத்தின் நிலை இதனினும் கடிது. முன்னாளில் அறியாத முகத்தைத் தெருவிற் கண்டார்க்கு அது பெயரற்ற முகமே. இன்று கணிப்பொறி முகத்தின் அளவுகளைக் கணித்து ஒரு முகத்தை மற்றொரு படத்தில் உள்ள அதே முகத்தொடு இணைக்கிறது. ஆகவே முகமே வேலில் கட்டிய வேம்பாயிற்று.

இவ்வாற்றல் கணிப்பொறிக்கு வந்தது எங்ஙனம்? பகிரப்பட்ட படங்களாலேயே வந்தது. 2014ஆம் ஆண்டு யாஹூ நிறுவனம் ஃபிளிக்கரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்த ஏறத்தாழ பத்துக் கோடிப் படங்களையும் காணொளிகளையும் ஆய்வுக்கெனத் தொகுத்தளித்தது. அத்தொகுப்பிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் முகப்படங்களைக் கொண்டு ஐ.பி.எம். நிறுவனம் 2019ஆம் ஆண்டு சனவரியில் ஒரு முகத்தொகுப்பை வெளியிட்டது. மாந்தர் முகவேறுபாடுகளைக் கணிப்பொறி பிழையின்றி அறிதற்கு உதவுதல் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் இச்செய்தி பரவியபோது படம் எடுத்தவரும் வியந்தனர், எடுக்கப்பட்டவரும் வியந்தனர். தனியொருவரின் மறைவைக் காத்தற்குப் பதிப்புரிமை தக்க கருவி அன்று என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே அப்போது விளக்கம் தந்தது.

2020ஆம் ஆண்டு சனவரியில் கிளியர்வியூ என்னும் நிறுவனத்தைப் பற்றிய செய்தி வெளிவந்தது. இணையத் தளங்களிலிருந்து முந்நூறு கோடிக்கு மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒரு முகத்தைக் கொடுத்தால் அம்முகம் உள்ள பிற படங்களைக் காட்டும் பணியைக் காவல்துறையினர்க்கு அது விற்று வந்தது. இந்நிறுவனம் உரிமத்தையும் கேளாது எடுத்தது.

மாற்று வழியும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்க இல்லினாய் மாநிலம் 2008ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், முகவடிவ அளவு முதலியவற்றைத் திரட்டுமுன் உரியவரிடம் எழுத்துவழி இசைவு பெறவேண்டும் என்றது. படம் யாருடையது என்று அச்சட்டம் கேட்கவில்லை. முகம் யாருடையது என்றே கேட்டது. அதன்கீழ் எழுந்த வழக்கில் ஃபேஸ்புக் நிறுவனம் 65 கோடி டாலர் தர உடன்பட்டது. 2021இல் நீதிமன்றம் அதனை ஏற்றது. அவ்வாண்டு நவம்பரில் அந்நிறுவனம் தன் முகமறி அமைப்பை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்டாரின் முகவார்ப்புகளை அழிப்பதாக அறிவித்தது. வினாவைச் சரியாகக் கேட்ட சட்டம் விடையைப் பெற்றது என்பது இதனாற் பெறப்படும்.

8. தடையும் விடையும்

ஈண்டுத் தடை இரண்டு எழலாம்.

‘பொதுவிடத்தில் நிற்பவர் தம்மைத் தாமே காட்டினார், அவர்க்கு மறைவு ஏது?’ என்பது முதல் தடை. பொதுவிடத்தில் நிற்றல் அங்குள்ளார் காணுதற்கு இசைதலாகும். இல்லாதார் எக்காலத்தும் எவ்விடத்தும் காணுதற்கு இசைதல் ஆகாது. சந்தையில் அழுத ஒருத்தியைச் சந்தையார் கண்டனர், மறுநாள் மறந்தனர். படம் மறவாது. காட்சிக்கும் பதிவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஒழித்துப் பேசுதல் பொருந்தாது. பொதுப்பணியாளர் தம் பணி பற்றிய படமாயின் நிலை வேறு. அது புறத்திணைக்கு உரிய பொருள். பெயர் சுட்டிப் புகழவும் பழிக்கவும் அங்கு இடம் உண்டு.

‘அகப்பாடல்களிலும் பெயர்கள் வருகின்றனவே, ஔவையார் அகநானூற்று 147ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரைச் சுட்டினாரன்றோ?’ என்பது இரண்டாம் தடை. சுட்டினார் உண்மையே. ஆயின் ஆங்கு வெள்ளிவீதியார் உவமையாக வந்தார். அப்பாட்டின் தலைவியாக வந்திலர். தொல்காப்பியர் தடுத்தது உரிப்பொருட்கு உரிய தலைமக்களைச் சுட்டுதலையே. ஆயினும் ஒரு பெண்ணின் துயர் பிறர் பாட்டில் உவமையாதல் எளிய செய்தியன்று என்பதை யாம் ஒப்புவோம். நெறி எங்கு நெகிழ்கிறது என்று காட்டுதற்கு இவ்விடம் உதவுகிறது. நெறியே இல்லை என்று காட்டுதற்கு உதவாது.

9. நம் நாட்டு நிலை

இந்திய உச்சநீதிமன்றம் 1994ஆம் ஆண்டு இராசகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் இப்பொருளை ஆராய்ந்தது. சிறையிலிருந்த ஒருவரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடல் பற்றி எழுந்தது அவ்வழக்கு. ஒருவர்தம் குடும்பம், மணம், தாய்மை, கல்வி முதலியன பற்றி அவர் இசைவின்றி வெளியிடல் தகாது. பொதுப்பதிவில் உள்ளதாயின் வெளியிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2017ஆம் ஆண்டு ஆகத்து 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நடுவர் தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமுகமாகத் துணிந்தனர்.

2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்முறைத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் தரவுக்குத் தான் செல்லாது என்கிறது. ‘தாமே’ என்னும் சொல் ஈண்டு உயிரானது. தம் படத்தைத் தாம் வெளியிட்டவர் இச்சட்டத்தின் காப்பை இழப்பார். அவர் படத்தைப் பிறர் வெளியிடின் அவ்விலக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டுப் பயனுக்காகத் தனியாள் ஒருவர் கையாளும் தரவுக்கும் அச்சட்டம் விலக்களிக்கிறது. உறவினர் ஒருவர் திருமணப்படத்தைப் பொதுத்தளத்தில் ஏற்றினால் அது வீட்டுப் பயனா, அன்றா? நாள்தோறும் நிகழும் செயல் இதுவே. சட்டத்தின் ஓரத்திலும் இதுவே நிற்கிறது.

10. ஆய்வாளர் கடன்

இதுகாறும் கூறியன பிறரைப் பற்றியன என்று நம் துறையார் கருதற்க. நாட்டுப்புறப் பாடல் தொகுக்கவும் கூத்து, சடங்கு, வழக்காறு ஆராயவும் மாணவர் ஊர்தோறும் செல்கின்றனர். ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி உண்டு. எடுத்த படம் அன்று மாலையே இணையத்தில் ஏறுகிறது. பெரும்பாலும் ஊர்ப்பெயரொடும் ஆட்பெயரொடும் ஏறுகிறது.

ஒப்பாரி பாடும் மூதாட்டி ஒருவரை எண்ணுக. அவர் பாடுகிறார், ஆதலின் ஆக்குநர். சட்டமும் நிகழ்த்துநர்க்கெனத் தனி உரிமை வகுத்துள்ளது. அவர் பெயரைச் சுட்டாமல் ‘தகவலாளி’ என்று எழுதி, தொகுத்தவர் பெயரை மட்டும் அட்டையில் இடுதல் அவர் புலமையைக் கவர்தலாகும். அதேபொழுது அவர் துயருறுகிறார்; ஆதலின் பொருளானவர். நீர் வழியும் அவர் முகத்தை உலகறியக் காட்டுதல் அவர் அகத்தைப் புறமாக்குதலாகும். செம்புலப்பெயனீரார்க்குச் செய்த சிறப்பும் அகத்தலைவிக்குச் செய்த காப்பும் ஆகிய இரண்டும் ஒருங்கே இம்மூதாட்டிக்கு உரியன. எதனை எவ்வளவு கொள்வது என்று தேர்தல் அவர் கையது, நம் கையதன்று.

ஆகவே இசைவை இருமுறை கேட்டல் வேண்டும். எடுப்பதற்கு ஒருமுறை, படத்தை அவர்க்குக் காட்டி, யார் யார் காண்பர் என்று விளங்கச் சொல்லி, வெளியிடுதற்கு மற்றொரு முறை. இசையாவிடின் படம் துறையின் பேழைக்குள் ஆய்வாளர்க்கு மட்டும் பயன்பட்டு நிற்கலாம்; ஆய்வு அதனாற் குன்றாது. குழந்தைகள், நோயுற்றார், துயருற்றார் படங்களில் இடக்குறிப்பை நீக்குதலும் நம் கடனே. கட்டற்ற உரிமம் இடுமுன், நாம் கொடுப்பது நம் உழைப்பை மட்டுமா, பிறர் முகத்தையுமா என்று ஒருமுறை நின்று எண்ணுதல் வேண்டும். ஓலைச்சுவடி, கல்வெட்டு, கோயிற்சிற்பம் ஆகியவற்றின் படங்களை இவ்வச்சம் இன்றித் தாராளமாகப் பகிரலாம். அங்கும் சுவடி காத்தவர் பெயரைச் சுட்டுதல் முறை.

பாடியவரைச் சுட்டுதலும் பாடப்பட்டவரைச் சுட்டாமையும் ஆகிய இரண்டையும் நம் தொகைநூல்கள் ஒரே ஏட்டில் காட்டி நிற்கின்றன. அவற்றை வகுப்பிற் பயிற்றும் நாம், வகுப்பிற்கு வெளியே கருவியைக் கையில் எடுக்கும்போதும் அந்நெறியில் ஒழுகுதல் வேண்டும்.